பிரகாசியம்மாள் பார்த்த பச்சை

ஐஸ் கம்பெனி மாடியில் இருந்த அந்த அறையில் ஒருவரைக் குரு என்றும் ஒருவரைச் சீடர் என்றும் கூப்பிடுவார்கள். கேலிக்குத்தான். சீடருக்குத் தலை முழுக்க நரை. குருவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை.

சீடரின் பெயர் கொம்பையா. தொலைபேசி இலாகாவில் விருப்ப ஓய்வு வாங்கியவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், கம்ப்யூட்டர் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்தார். கற்றுக்கொடுத்தவர் வடிவு டீச்சர். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவர். கொம்பையாவின் மூத்த மகளைவிட வயதில் சின்னவர். அவர் இவரை அண்ணாச்சி என்பார். இவர் அவரை டீச்சர் என்பார்.

டீச்சர் தொடங்கிவைத்த செயலிக்குக் கச்சான் என்று பெயர். மேற்கே இருந்து வரும் காற்றை அந்தக் கரையில் அப்படித்தான் சொல்வார்கள். கடலுக்குப் போகிறவர் விடியுமுன் எழுந்து போனில் கச்சானைத் திறந்தால் திரை முழுக்க ஒரே நிறம் தெரியும். பச்சை என்றால் போகலாம். சிவப்பு என்றால் போகக் கூடாது. கண்ணாடி தேட வேண்டாம், எழுத்துக் கூட்ட வேண்டாம். காசு கிடையாது. அதன் நிரல் ஒளிவுமறைவில்லாமல் எல்லோருக்கும் திறந்து கிடந்தது. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தலாம். அப்படித் திருத்துகிறவர்கள் சென்னையிலும் கோவையிலும் துபாயிலும் இருந்தார்கள். ஒருவருக்கும் சம்பளம் இல்லை.

மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிற சமயம் அது. தடை முடிந்த அன்று விசைப்படகுகள் எல்லாம் ஒன்றாகக் கடலுக்குள் இறங்கும். அதற்கு முன் கச்சானின் புதிய பதிப்பை வெளியிட்டாக வேண்டும். இந்தத் தடவை அந்தப் பொறுப்பை டீச்சர் கொம்பையாவின் தலையில் வைத்திருந்தார்.

பிழைகள் நிறைய. நாட்கள் கொஞ்சம்.

"எதை முதல்ல திருத்தணும் டீச்சர்?" என்று கேட்டார் கொம்பையா.

"நீங்க என்ன நினைக்கீங்க அண்ணாச்சி?"

கொம்பையா அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். கச்சானுக்கு ஒரு பொதுப் பக்கம் உண்டு. செயலியில் 'குறை சொல்ல' என்ற பொத்தானை அழுத்தி எழுதினால் அது அந்தப் பக்கத்தில் போய் நிற்கும். அதே தொல்லை தனக்கும் இருக்கிறது என்று நினைப்பவர், அதன் கீழே இருக்கும் கைப் படத்தை அழுத்துவார். எத்தனை பேர் கை தூக்கியிருக்கிறார்கள் என்று பக்கத்திலேயே தெரியும்.

"கை அதிகமா இருக்கிறது மேல, குறைவா இருக்கிறது கீழ. இப்படி வரிசை போட்டுட்டேன் டீச்சர். நம்ம இஷ்டம் எதுவும் இதுல இல்ல. ஜனங்க சொல்றதுதான்."

"முதல்ல என்ன?"

"வரைபடத்தைப் பெரிசாக்கினா ஆப் மூடிக்கிடுது. முந்நூறு பேருக்கு மேல கை தூக்கியிருக்காங்க."

"அப்புறம்?"

"எச்சரிக்கைச் சத்தம் ரொம்ப மெதுவா கேக்குதாம். அதுக்கு அடுத்தாப்புல, ராத்திரியில திரை கண்ணைக் கூசுது, கருப்புப் பின்னணி வேணும்னு கேக்காங்க. அதுல பாதிக் கை துபாய்க் கை."

"துபாய்ல இருந்து யாரு அண்ணாச்சி கடலுக்குப் போறா?"

"போறது இல்ல டீச்சர். ஆனா கை தூக்குதாங்களே."

இருவரும் சிரித்தார்கள். கீழே ஐஸ் உடைக்கும் யந்திரம் ஓட ஆரம்பித்தது. அது ஓடும்போது தரை லேசாக அதிரும்.

"எல்லாத்துக்கும் கீழ என்ன இருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

"கீழயா? அதெல்லாம் மூடினது."

இப்படித் திறந்த நிரல்களில் வேலை செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது குறை எழுதினால், எந்த போன், எந்தப் பதிப்பு, என்ன தெரிந்தது என்று திருப்பிக் கேட்பார்கள். பதில் வராவிட்டால், சில வாரம் பார்த்துவிட்டு அந்தக் குறையை மூடிவிடுவார்கள். இல்லையென்றால் பக்கம் முழுக்கக் குப்பை சேர்ந்துவிடும். மூடுகிற வேலையை மனிதர் செய்ய வேண்டியதில்லை, ஒரு சின்ன நிரலே செய்யும். கச்சானுக்கு அந்த நிரலை எழுதியவர் கொம்பையா. யார் உதவியும் இல்லாமல் அவர் எழுதிய முதல் நிரல் அதுதான். அது ஒரு நாளும் தவறியது இல்லை.

"மூடினதுல ஒண்ணு வாசிங்க."

கொம்பையா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கையில் பட்டதைத் திறந்தார்.

"பெயர், பிரகாசி. கரை, புன்னைத்தாழை. குறை: பச்சைதான் காட்டியது. இல்லை என்கிறார்கள். பச்சைதானே?" அவர் நிமிர்ந்தார். "இதை வச்சு என்ன டீச்சர் கண்டுபிடிக்க முடியும்? தலையும் இல்ல, வாலும் இல்ல."

"நாம என்ன பதில் போட்டோம்?"

"நான்தான் போட்டேன். 'உங்கள் போன் எந்த கம்பெனி? என்ன மாடல்? பிழை தெரியும் திரையைப் படம் பிடித்து அனுப்பவும். பார்த்துவிட்டுச் சொல்கிறோம்.'"

"அதுக்குக் கீழ?"

"'பதில் வராததால் இந்தக் குறை மூடப்படுகிறது. ஒத்துழைப்புக்கு நன்றி.' அது நம்ம நிரல் போட்டது."

"எத்தனை கை?"

"ஒண்ணுகூட இல்ல."

"ஏன் பதில் வரல அண்ணாச்சி?"

"தானா சரியாப் போயிருக்கும்."

"கேட்டீங்களா?"

கொம்பையா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"புன்னைத்தாழைக்கு பஸ் இருக்கு" என்றார் டீச்சர்.

"டீச்சர், இன்னும் நாலஞ்சு நாள்தான் இருக்கு. போக ஒரு நேரம், வர ஒரு நேரம். ஒரு நாளே போயிரும்."

"போகட்டும். வந்து வரிசையைச் சொல்லுங்க. நீங்க சொல்ற வரிசைப்படியே செஞ்சிருவோம்."

மறுநாள் கொம்பையா முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினார்.

*

புன்னைத்தாழையில் படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. ஓலைப் பந்தலுக்குக் கீழே நாலைந்து பேர் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். கச்சான் செயலியில் இருந்து வருகிறேன் என்று கொம்பையா சொன்னதும், ஒரு மீசைக்காரர் ஊசியை நீட்டிக்கொண்டு எழுந்தே விட்டார்.

"வாரும்வே. உம்மத்தான் தேடிட்டு இருக்கோம். படத்தக் கொஞ்சம் பெரிசாக்கினா பொசுக்குன்னு செத்துப் போவுதே, அத எப்ப சரி பண்ணப் போறீரு?"

"அதுதாங்க முதல் வேலை. முந்நூறு பேர் சொல்லியிருக்காங்க."

"அதுல ஒரு கை எங் கை" என்றார் இன்னொருவர்.

"எங் கையும்தான். எம் பொண்டாட்டி போன்ல இருந்தும் ஒண்ணு தூக்கியிருக்கேன்."

பந்தல் முழுக்கச் சிரித்தது. கொம்பையாவுக்கு மனசு லேசாயிற்று. தன் வரிசை சரிதான் என்று பட்டது. வந்த வேலையையும் முடித்துவிடலாம் என்று, "இங்க பிரகாசின்னு யாருங்க?" என்று கேட்டார்.

சிரிப்பு நின்றது. மீசைக்காரர் உட்கார்ந்து வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாதா குருசடிக் கோயிலுக்குப் பின்னால மூணாவது வீடு" என்றார், தலையைத் தூக்காமல். "சத்தமாப் பேசாதீரும். கெழவி படுத்திருக்கா."

மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு பெண் கருவாட்டைப் பரப்பி வைத்துப் பெரிது சிறிது பிரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். அவர் தான் யார் என்று சொன்னதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"நீங்கதான் அந்தப் பதில் போட்டியளா?"

"ஆமாம்மா. நீங்க அதுக்குப் பதில் சொல்லலையே, அதான் நேர்ல…"

"எந்த போனுன்னு கேட்டிருந்திய."

"ஆமா."

"கம்பெனி தெரியாது. கருப்பு. பின்னால மாதா படம் ஒட்டியிருக்கும்."

"அது போதும்மா. அந்த போனைக் கொஞ்சம் பாக்கலாமா?"

"அவருகிட்ட இருக்கு."

"அவரு எப்ப வருவாரு?"

அவள் ஒரு கருவாட்டை எடுத்துச் சின்னதோடு போட்டாள். பிறகு அதையே எடுத்துப் பெரியதோடு போட்டாள்.

"மாசியில போனாரு. உடம்பு கரை ஒதுங்கிச்சு. போன் ஒதுங்கல."

கொம்பையா கருவாட்டுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"படம் பிடிச்சு அனுப்பச் சொன்னிய" என்றாள் அவள். "நானும் ரொம்ப யோசிச்சேன். எதைப் பிடிச்சு அனுப்ப?"

உள்ளே யாரோ இருமினார்கள். பிரகாசி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாதா கெபித் திருநாளுக்கு மறுநாள். ஊரே அசந்து தூங்குது. எனக்கு மட்டும் முழிப்பு வந்துட்டு. அவரு போன எடுத்துத் திறந்தேன். முழுசாப் பச்சை. அவரு எந்திரிக்கல. இன்னைக்கு வேண்டாம்டி, ஒருத்தனும் போகலன்னாரு. ஒருத்தனும் போகலன்னா மீனு எல்லாம் உங்களுக்குத்தானே, பச்சை போட்டிருக்குல்ல, எந்திரிங்கன்னு நான்தான் உலுக்கி எழுப்பினேன். சோத்தையும் நான்தான் கட்டிக் குடுத்தேன்."

"மத்தவங்க போன்ல?"

"விடிஞ்சு எல்லாரும் எந்திரிச்சுப் பாத்திருக்காவ. எல்லாத்துலயும் செவப்பு. எங்க வீட்டு போன்ல மட்டும் எப்படிப் பச்சைங்காவ."

"செவப்பப் பாத்துட்டுத்தான் அனுப்பினா!" என்று உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. மாமியார்க் கிழவியின் குரல். படுத்தபடியே, யாரிடமும் சொல்வது போல இல்லாமல். "திருநாளுக்கு வளையல் வாங்கித் தரலன்னு கோவம். கண்ணுல செவப்பு தெரியுமா அவளுக்கு? எம் புள்ள இஞ்ஞாசிய முழுங்கிட்டா."

பிரகாசி திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குரலுக்கு அவள் பழகிப்போயிருந்தாள்.

"தங்கச்சி போன்ல இருந்துதான் உங்களுக்கு எழுதினேன். திட்டி எழுதல. சரி பண்ணச் சொல்லியும் எழுதல. பச்சைதானேன்னு கேட்டேன், அவ்வளவுதான். இப்ப கண்ண மூடினா எனக்கே செவப்பாத் தெரிய ஆரம்பிச்சிட்டு."

காற்றில் ஓலை சரசரத்தது.

"நீங்க சொல்லுங்க" என்றாள். "அன்னைக்கு அது பச்சைதானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவருக்குத் தெரியாது. அந்த அறையில் எத்தனையோ போன்களில் எத்தனையோ தடவை சோதித்திருக்கிறார்கள். சிவப்பு நாளில் பச்சை வந்ததே இல்லை.

"எனக்குத் தெரியலம்மா. பாத்துட்டுச் சொல்லுதேன்."

"அப்படித்தான் எழுதியிருந்திய."

அவர் கிளம்பினார். நாலடி நடந்தவர் திரும்பி வந்தார்.

"அன்னைக்கு அந்த போன்ல நெட் இருந்துச்சாம்மா?"

"எங்க? திருநாள் செலவு. முந்தின நாள் சாயங்காலமே தீர்ந்துட்டு. ரெண்டு நாள் கழிச்சுப் போட்டுக்கிடலாம்னு சொன்னாரு."

*

கொம்பையா எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னார். டீச்சர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"இதுதான் டீச்சர் முதல்ல. மத்தது எல்லாம் பிறகு."

டீச்சர் காதில் இருந்த தோட்டைக் கழற்றினார். அதன் தண்டால் தன் போனின் ஓரத்தில் இருந்த துளையைக் குத்தி, சிம் கார்டை வெளியே எடுத்தார். வைஃபையையும் அணைத்தார். கச்சானைத் திறந்து பார்த்தார். அன்றைக்குக் கடல் அமைதி. திரை முழுக்கப் பச்சை. போனை ஜன்னல் ஓரத்தில் வைத்து சார்ஜ் போட்டார். தோட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

மறுநாள் அவர்கள் வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. காலையிலேயே மேற்கே இருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஐஸ் கம்பெனியின் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. கொம்பையா தன் போனைத் திறந்தார். சிவப்பு.

டீச்சர் ஜன்னல் ஓரத்துப் போனைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார்.

பச்சை. ஒரு மூலைகூட விடாமல் பச்சை.

புதிய செய்தி வராதபோது கச்சான் பழைய நிறத்தையே வைத்துக்கொண்டிருந்தது. நேற்றைய கடலை இன்றைய கடல் என்று காட்டிக்கொண்டிருந்தது. அந்த அறையில் வைஃபை ஒரு நாளும் அணைந்ததில்லை. அங்கே இருந்த யாருக்கும் ரீசார்ஜ் தீர்ந்துபோய் ஒரு நாள்கூடச் சும்மா இருந்ததில்லை. அதனால் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

முன்பெல்லாம் திரையின் அடியில் ஒரு சின்ன வரி இருக்கும். தகவல் எப்போது வந்தது என்று அதில் நேரம் போட்டிருக்கும். எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, நிறம் மட்டும் போதும், அதை எடுத்துவிடுங்கள் என்று யாரோ எழுதினார்கள். கச்சானின் பக்கத்தில் அவ்வளவு கைகள் வேறு எதற்கும் எழுந்ததில்லை. எடுத்துவிட்டார்கள். அதற்குக் கை தூக்காதவர் அந்த அறையில் யாரும் இல்லை, டீச்சர் உட்பட.

"பச்சைதான் டீச்சர்" என்றார் கொம்பையா. "அந்தப் பொண்ணு சரியாத்தான் பாத்திருக்கு."

திருத்துவது பெரிய வேலையாக இல்லை. தகவல் பழசாகிவிட்டால் திரை சாம்பல் நிறமாகும், நடுவில் 'தெரியாது' என்று பெரிய எழுத்தில் வரும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் கொம்பையா எழுதி முடித்துவிட்டார்.

சாயங்காலம் சென்னையில் இருந்து தேவநாதன் பேசினான். கச்சானின் நிரலில் பாதியை எழுதியவன் அவன். கணினித் திரையில் அவன் முகம் பெரிதாகத் தெரிந்தது.

"அண்ணாச்சி, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனா டவரே கிடையாது. நடுக்கடல்ல எல்லாருக்கும் சாம்பல்தான் தெரியும். தெரியாது தெரியாதுன்னு சொல்ற ஆப்பை எவன் வெச்சுப்பான்?"

"தெரியாதப்ப வேற என்னப்பா சொல்றது?" என்றார் டீச்சர்.

"சரி, அது போகட்டும். பெரிசாக்கினா மூடிக்குதே, அது?"

"அடுத்த பதிப்புல."

"முந்நூறு பேர் டீச்சர்! சும்மா விட மாட்டாங்க."

"திட்டுவாங்க. கேட்டுக்கிடுவோம்."

தேவநாதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் குறையை மறுபடியும் திறக்காதீங்க. நம்ம பச்சையைப் பாத்து ஒரு ஆள் போய்ட்டார்னு பொதுப் பக்கத்துல வந்துச்சுன்னா, ஒரே நாள்ல எல்லாரும் ஆப்பைத் தூக்கிருவாங்க. அப்புறம் நெஜமாவே சிவப்பு வர்ற அன்னிக்கு யாருக்கு டீச்சர் தெரியப் போகுது? அதுலயும் சாவுதான். சத்தம் போடாம திருத்தி அனுப்பிருவோம். பொழைக்கறவங்க பொழைக்கட்டும்."

அவன் கெட்டவன் இல்லை. சொன்னதில் நியாயமும் இருந்தது. டீச்சர் கொம்பையாவைப் பார்த்தார். வெளியீடு அவர் பொறுப்பு.

"அப்படியே செய்வோம் தம்பி" என்றார் கொம்பையா.

சொன்னதும் அவர் நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கியதற்காக அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

*

வெளியீட்டு நாளும் வந்தது. கொம்பையா விசையை அழுத்தினார். போன் வைத்திருப்பவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நெட் இருக்கிற போன்களில் எல்லாம் பழைய கச்சான் போய்ப் புதிய கச்சான் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அழுத்திய கொஞ்ச நேரத்தில் புன்னைத்தாழையிலும் அது மாறியிருக்கும். பந்தலுக்குக் கீழே இருந்த போன்களில், அந்தப் பெண்ணின் தங்கச்சி போனில், எல்லாவற்றிலும்.

பிறகு அவர் மூடிக் கிடந்த குறையைத் தேடி எடுத்தார். அதைத் திறக்கவில்லை. அதன் அடியில் ஒரு வரி எழுதினார்: 'இந்தப் பிழை புதிய பதிப்பில் திருத்தப்பட்டது.' எழுதியதை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

"டீச்சர், அந்த அம்மாவுக்கும் பதில் போட்டுட்டேன்."

டீச்சர் எழுந்து வந்து திரையைப் படித்தார்.

"அவங்க திருத்தச் சொன்னாங்களா அண்ணாச்சி?"

கொம்பையா திரையை மேலே நகர்த்தி அந்தக் குறையை மறுபடி படித்தார்.

"இல்ல."

"என்ன கேட்டாங்க?"

"பச்சைதானேன்னு கேட்டாங்க."

டீச்சர் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார். கொம்பையா நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டார். பிறகு தான் எழுதிய வரியை அழித்தார். மூடியிருந்த குறையைத் திறந்தார். 'ஆம், அம்மா. பச்சைதான். நீங்கள் சரியாகப் பார்த்தீர்கள். தவறு எங்கள் செயலியுடையது' என்று எழுதி, கீழே தன் பெயரையும் ஊரையும் போட்டார்.

தேவநாதனிடம் இருந்து உடனே போன் வந்தது. கொம்பையா எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

"திட்டுவான்" என்றார்.

"திட்டுவான்" என்றார் டீச்சரும்.

இனி மிச்சம் இருந்தது அறையைச் சுத்தம் செய்கிற வேலைதான். சோதனைக்காக வைத்திருந்த போன்கள் மேசையில் கிடந்தன. அவற்றில் பாதிக்கு சிம் கிடையாது, தானாக மாறாது. கொம்பையா ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பியால் கணினியோடு இணைத்துப் புதிய பதிப்பை ஏற்றினார். பழையது ஒன்றுகூட எங்கும் இருக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். எல்லாம் முடிந்த பிறகு ஜன்னல் ஓரத்துக்குப் போனார். டீச்சரின் போன் அங்கேயே இருந்தது. திறந்தார். திரை முழுக்கப் பச்சை.

அதில் கம்பியைச் செருகப் போனபோது டீச்சர் வந்து திரையின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இதுல ஏத்தாதீங்க அண்ணாச்சி."

"பழசு டீச்சர் இது. பொய்யைக் காட்டிக்கிட்டு இருக்கு."

"ஆமா."

"இங்க எல்லா போன்லயும் மாத்தியாச்சு. பழைய பச்சை இனி இது ஒண்ணுலதான் இருக்கு."

"ஆமா."

"அப்ப இதையும் திருத்திர வேண்டியதுதானே?"

டீச்சர் கம்பியை அவர் கையில் இருந்து வாங்கி மேசையில் போட்டார். போனை எடுத்து அவருடைய சட்டைப் பையில் வைத்தார்.

"திருத்திட்டா, அந்தக் கிழவிகிட்ட எதைக் காட்டுவீங்க?"